பட்ட கொப்பு

நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், இரண்டாம் பத்தியின் நடுவில், அம்மா பேசிக்கொண்டிருந்தாள். சண்முகவடிவுக்கு முதலில் அது தெரியவில்லை. வருஷக்கணக்காக அகராதிக்கு மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு எழுத்துதான் கண்ணில் படும், பேச்சு படாது. ஒற்று இருக்கிறதா, புள்ளி சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா, சாய்வெழுத்து சாய்ந்துதான் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே சிவப்புப் பேனா வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. கொப்பு, பெயர்ச்சொல், மரத்தின் கிளை, தென்மாவட்ட வழக்கு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் எடுத்துக்காட்டு: 'பட்ட கொப்புல என்ன கொழ இருக்குன்னு ஏறுனாவ?' கொழ என்றால் குழை, ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிற தழை, இதை வடக்கே இருப்பவர்களுக்கு யார் சொல்வது என்று ஓரத்தில் குறிக்கப் போனாள். அப்போதுதான் வாக்கியத்தின் வாலில் இருந்த பெயரைப் பார்த்தாள். பேச்சியம்மாள், செங்கரையூர். பேனா அப்படியே நின்றது. அவள் பெற்ற தாயின் பெயர், பிறந்த ஊரின் பெயர், அதுவும் தடித்த எழுத்தில். மணி பதினொன்று ஆகியிருந்தது. நான்கு மணிக்கு அச்சகத்து வேன் வரும். அதற்குள் எல்லாத் தாளின் அடியிலும் அவள் கையெழுத்து விழுந்தாக வேண்டும். விழுந்துவிட்டால் அந்த வரியை யாராலும் எடுக்க முடியாது, அடுத்த பதிப்புவரை அம்மா அங்கேயே கேட்டுக்கொண்டிருப்பாள், என்ன குழை இருக்கிறது என்று ஏறினார்கள், என்ன குழை இருக்கிறது என்று ஏறினார்கள் என்று.

அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரியாது. அப்பா சுப்பையா ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனார், கிணற்று மேட்டு ஒதியமரத்தில் ஏறினார், கொப்பு முறிந்து தண்ணீரில்லாத கிணற்றுக்குள் விழுந்து செத்துப்போனார், இவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். வடிவுக்கு அப்போது பதினொரு வயது, தங்கை இசக்கிக்கு ஏழு. ஒதி வலுவில்லாத மரம், பச்சைக் கொப்பே ஆளைத் தாங்காது, பாவம் அவசரப்பட்டுட்டான் என்று அன்றைக்குச் சொன்னார்கள், முப்பத்தாறு வருஷம் கழித்து இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் அப்பாவோடு கிணற்றுக்குள் விழுந்தது பச்சைக் கொப்பு இல்லை. பட்டுப்போய் இரண்டு கோடை கண்ட கொப்பு. மருந்துக்குக்கூட ஓர் இலை கிடையாது. இலையே இல்லாத கொப்பில் ஆட்டுக்கு எதை ஒடிக்க ஒரு மனிதன் ஏறுவான்? கீழே நின்று இழுக்கத் தொரட்டி இருந்தது. அதை மரத்தில் சாத்திவைத்துவிட்டு ஏறியிருக்கிறார். ஆள் வந்து சேர்வதற்குள் அம்மா கிணற்றுப் படியில் இறங்கி, அந்தக் கொப்பை நாலாக ஒடித்து, மேலே தூக்கி வந்து, தன் விறகுக் கட்டோடு கட்டிவிட்டாள். அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ந்தது அதில்தான். அடுத்த வாரமே மரத்தையும் வெட்டிப் போடச் சொல்லிவிட்டாள். தானாகச் செத்தவன் பெண்டாட்டி, தானாகச் செத்தவன் பிள்ளைகள் என்று ஒரு பேர் விழுந்தால் அது ஏழு தலைமுறைக்கும் கூட வரும் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தொரு வயதில், புருஷன் பக்கத்தில் கிடக்கும்போது, இவ்வளவையும் யோசித்திருக்கிறாள். அவள் அப்படிக் கட்டிக் காத்ததைத்தான் இந்த அலுவலகம் இப்போது இரண்டாயிரம் பிரதி போடப் போகிறது. பிரதி போட்டால் போகட்டும், அகராதியை எவன் படிக்கிறான் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தத் தொகுதிக்கு இயக்குநர் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார். வாக்கியம் சொன்ன ஒவ்வொருவரையும் அவரவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேடையேற்றி, சால்வை போர்த்தி, அவர் வாயால் வந்த வாக்கியத்தை மைக்கில் வாசிப்பது. கூட்டத்தில் அதற்கு முதலில் கை தட்டியவள் வடிவுதான். செங்கரையூர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நின்றால் அந்தக் கிணற்று மேடு தெரியும். மைக்கில் கேட்கிற ஊர் என்ன சும்மாவா இருக்கும். பட்ட கொப்பா, யாரு ஏறுனா, எப்போ என்று இரண்டு கிழவிகள் போதும், சாயங்காலத்துக்குள் கணக்கைத் தீர்த்துவிடுவார்கள். இசக்கி தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் வேறு.

வாக்கியத்துக்கு எதிரே ஓரத்தில் பென்சிலால் ஒரு சரிக்குறி, பக்கத்தில் 'நல்ல வாக்கியம்', கீழே ஞா.தி. என்று சுருக்கொப்பம். எதிர் மேஜைத் தொகுப்பாசிரியர் ஞானதிரவியம். அதைப் பார்த்ததும்தான் வடிவு பேனாவை மூடிவைத்தாள். ஏனென்றால் உலகத்தில் இதை அவள் சொன்னது ஒரே ஒரு ஆளிடம். கட்டிக்கொண்டவனிடம்கூடச் சொல்லவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால், சொல் சேகரிக்கப் போய்விட்டுக் கடையநல்லூரிலிருந்து திரும்புகிற பஸ்ஸில், கண்ணாடி இறங்காமல் சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருக்க, ரோட்டோரம் யாரோ மரம் வெட்டிப் போட்டிருந்ததைப் பார்த்து அவளுக்கு எங்கிருந்தோ அழுகை வந்து, அவர் என்னம்மா என்று கேட்க, கொட்டிவிட்டாள். அம்மா சொன்ன வாக்கியத்தை அப்படியே, ஓர் எழுத்து மாறாமல், அம்மா குரலிலேயே சொன்னாள். தொழில் பழக்கம். அவர் தன் துண்டை ஜன்னல் இடுக்கில் செருகிச் சாரலை மறித்துவிட்டு, "இது இந்தப் பஸ்ஸோட போச்சும்மா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த ஒரு குணத்துக்காகவே அவரைப் பதினொரு வருஷமாகக் கூடப்பிறந்த அண்ணன் இடத்தில் வைத்திருந்தாள். பஸ்ஸோடு போகவில்லை போலிருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, சொல் சேகரிக்கிற வெள்ளை அட்டை ஒன்றை எடுத்துக் கொப்பு என்று தலைப்பிட்டு எழுதியிருப்பார். அதற்குப் பிறகு அவர் ஒரு தரம் செங்கரையூருக்கு வந்து அம்மா கையால் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டதும் இவளுக்கு நினைவு வந்தது. இன்னொரு கரண்டி ஊத்துங்கம்மா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உங்க முழுப்பேரு என்னம்மா என்று அப்போது கேட்டாரா? கேட்டார் என்றுதான் தோன்றியது. நினைக்க நினைக்கக் கேட்டது உறுதியாகிக்கொண்டே வந்தது, எச்சில் கையோடு அண்ணாந்து பார்த்துக் கேட்ட மாதிரியே இருந்தது. நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அது இதுதான். அதையும் செய்துவிட்டு, அதற்கு மேலே நல்ல வாக்கியம் என்று சான்றிதழ் வேறு.

அவள் சீட்டு எழுதி அட்டை அறைக்குக் கொடுத்தனுப்பினாள். கொப்பு, பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு, மூல அட்டை வேண்டும். மெய்ப்பில் சொன்னவர் பெயர்தான் வரும், எழுதியவர் பெயர் வராது, அது அட்டையில்தான் இருக்கும். அட்டை அறையை வைத்திருக்கிற ரோஸ்மேரி அக்கா, "இன்னைக்கு எல்லாரும் கேக்காவ வடிவு, மத்தியானம் ஆயிரும்" என்று பதில் சொல்லியனுப்பினாள். ஆகட்டும். கையில் அவர் எழுத்து வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம். அதுவரை பக்கத்தைப் பார்க்கலாம் என்று குனிந்தால் கண் அந்த வரியை விட்டு நகரவில்லை. சரி, அதற்கு மேலே உள்ள வேர்ப்பகுதியைப் படிப்போம் என்று படித்தாள். கொம்பு என்பதோடு ஒப்பிடுக. மலையாளத்தில் கொம்பு, கன்னடத்தில் கொம்பெ, தெலுங்கில் கொம்ம, எல்லாம் கிளைதான். கொம்பு வலித்துக் கொப்பு ஆயிற்றா, இல்லை கொப்பு தனியாகவே இருந்து வந்ததா என்று இதே அறையில் மூன்று கூட்டம் நடந்தது. மாட்டுத் தலையில் முளைத்ததற்கு முதலில் பெயர் வைத்தார்களா, மரத்தில் முளைத்ததற்கா என்று ஞானதிரவியம் சாரும் இயக்குநரும் டீ ஆறிப்போகிறவரை மல்லுக்கட்டினார்கள். கிளை என்றால் எங்கிருந்தோ பிரிந்து போவது, கவட்டை என்றால் இரண்டாகப் பிரிகிற இடம், வாது என்பான் ஒரு ஊர்க்காரன், இணுக்கு என்றால் விரலால் கிள்ளுகிற அளவு. ஒரு மரத்தில் ஏற எத்தனை சொல். அப்பா ஏறினது எதில் என்று யாரும் அந்தக் கூட்டத்தில் கேட்கவில்லை, கேட்டால் வடிவு சொல்லியிருப்பாள், கவட்டைவரை கால் வைத்து ஏறி, அங்கே இடது பக்கம் பச்சைக் கொப்பு இருந்தது, வலது பக்கம் பட்ட கொப்பு இருந்தது, அவர் வலது பக்கம் போனார் என்று. கவட்டையில் கொஞ்சநேரம் நின்றிருப்பாரா. நின்று ஊரைப் பார்த்திருப்பாரா. அங்கிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் தெரியும், அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள், வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டு. சொல்லுக்கு வேர் கண்டுபிடிக்கிறோம் என்று மூன்று கூட்டம் போடுகிற அறிவாளிக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, பெற்றவன் ஏன் வலது பக்கம் போனான் என்பதற்கு ஓர் அரைவரி அவளிடம் இல்லை. அம்மாவுக்குத் தெரியும். ஏதோ இருக்கிறது என்பது மட்டும் வடிவுக்குத் தெரியும், அம்மா சொல்லமாட்டாள். ஒரே ஒரு தரம், இசக்கி கல்யாணத்துக்கு முந்தின நாள், வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போது, அடுப்படியில் உட்கார்ந்து மடை திறந்த மாதிரி அழுதாள். அன்றைக்குத்தான் கொப்பை ஒடித்ததைச் சொன்னாள், மரத்தை வெட்டியதைச் சொன்னாள், இந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் வடிவிடம் வெயில், மழை, மூட்டுவலி, மாத்திரை, இவ்வளவுதான் பேச்சு. இசக்கியிடம் மட்டும் மணிக்கணக்காகப் பேசுகிறாள். இளையவள்மேல் பாசம் அதிகம் என்று வடிவு தனக்குள் ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தாள், அந்தக் காரணம் அவ்வப்போது முள்ளாகக் குத்தும், குத்தினால் என்ன, பழகிவிட்டது.

பன்னிரண்டரைக்கு ஞானதிரவியமே வந்தார். கையில் இரண்டு டீ. வழக்கம்போல அவளுடையதில் சர்க்கரை குறைவு. இந்த மனிதன் இதையெல்லாம் நினைவு வைத்திருப்பார், அதுதான் எரிச்சல். "என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு, காய்ச்சலா?" என்றார். இல்லை சார் என்றாள். பக்கத்தைத் திருப்பி மறைக்கலாமா, விரித்து முகத்தில் நீட்டலாமா என்று கை தவித்தது. அவரே குனிந்து பார்த்தார். "கொப்பா? நான் போட்டிருக்க வாக்கியம் பாத்தியளா? இந்த எழுத்துலயே அதுதான் உசத்தி. அட்டையில இருந்து வாக்கியம் மட்டும் நாப்பது அம்பது டைப் பண்ணிக் குடுத்தாங்க, எல்லாம் கொப்பு முறிஞ்சுது, கொப்பை வெட்டினான், இப்படித்தான். இது ஒண்ணுதான் உயிரோட இருந்திச்சு. ஏறுனவன் யாரு, எதுக்கு ஏறுனான், ஒண்ணுமே சொல்லல, ஆனா பாருங்க, ஒரு முழுக்கதை இருக்கு உள்ள." சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். வடிவு அவர் முகத்தையே பார்த்தாள். கண்ணில் ஏதாவது ஓடுகிறதா, தயக்கமா, கள்ளமா, ஒரு துளி குறுகுறுப்பா. ஒன்றும் இல்லை. "யாரு சொன்னதுன்னு பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "பேச்சியம்மாள், செங்கரையூர். அட, உங்க ஊரு. தெரிஞ்சவங்களா?" அவள் டீயைக் கீழே வைத்தாள். இந்த மனிதன் மறந்துவிட்டார். பஸ்ஸை, சாரலை, அவள் அழுததை, அந்த வாக்கியத்தை, மீன்குழம்பு ஊற்றியவளின் பெயரை, எல்லாவற்றையும் மறந்துவிட்டார். பஸ்ஸோடு போச்சு என்று சொன்னது சத்தியம்தான், உண்மையிலேயே போய்விட்டது. பதினொரு வருஷமாக ஒரு மனிதர் தன் பாரத்தில் பாதியைச் சுமக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இவள் தினமும் எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் அதை அன்றைக்கே தென்காசி ஸ்டாண்டில் இறக்கிவைத்துவிட்டார். துரோகம் செய்திருந்தால்கூட அதை நினைவில் வைத்திருந்தார் என்று ஆகியிருக்கும். "தெரிஞ்சவங்கதான் சார்" என்றாள். "அப்ப விழாவுக்கு நீங்களே போயி சால்வை போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு அவர் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

அப்படியானால் யார்? இவர் எழுதவில்லை என்றால் அம்மாவின் அடுப்படிக்குள் போய் இதைக் கேட்டவன் யார்? இசக்கியா, அவளுக்கும் அட்டைக்கும் என்ன சம்பந்தம். சேகரிக்க வந்த வேறு யாரிடமாவது அம்மாவே சொன்னாளா, பெற்ற மகளிடம் பத்தொன்பது வருஷம் வாய் திறக்காதவள் எவனோ ஒருவன் நோட்டோடு வந்து நின்றதும் கொட்டிவிட்டாளா. அந்த எண்ணம் வந்ததும் அதுவரை ஞானதிரவியத்தின் மேல் இருந்த கோபம் மொத்தமும் அம்மாவின் மேல் திரும்பியது, அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள், மூடினாள். ஒன்றரைக்கு ரோஸ்மேரி அக்கா அட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "இதுக்கா இந்தப் பாடு, நீ எழுதுனதுதானே வடிவு" என்றாள்.

அட்டை மஞ்சளடித்திருந்தது. எழுத்து அவளுடையது. இப்போதைய கிறுக்கல் இல்லை, வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரிகள் மெச்ச வேண்டும் என்று எழுதின குண்டு எழுத்து, ழகரத்துக்கு வால் நீட்டி. தலைச்சொல் கொப்பு, அடியில் அளவுகோல் வைத்துக் கோடு. வாக்கியம். சொன்னவர்: பேச்சியம்மாள். வயது: 48. தொழில்: ஆடு வளர்ப்பு. ஊர்: செங்கரையூர். எழுதியவர்: சு. சண்முகவடிவு. தேதி இசக்கி கல்யாணத்துக்கு முந்தின நாள். நேரம்: மாலை 5. கடைசிக் கட்டத்தில் சூழல் என்று அச்சடித்திருந்த இடத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'இறந்த கணவரை நினைத்து அழும்போது சொன்னது.' வடிவு அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுதிய நினைவே இல்லை. அழுத நினைவு இருந்தது, அம்மாவின் கையைப் பிடித்திருந்த நினைவு இருந்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது நினைவிருந்தது. இருநூறு அட்டை என்று மாதக் கெடு இருந்ததும் நினைவிருந்தது, லீவில் ஊருக்குப் போனாலும் கைப்பையில் ஒரு கட்டு வெற்று அட்டை இருக்கும். சொன்ன சூட்டோடு எழுது, வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் நாலு சொல் உன்னுடையதாகிவிடும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவள்தான் அந்த வருஷத்தில் கெட்டிக்காரி. ஒரு கையால் அம்மாவைப் பிடித்திருந்தேன், அப்படியானால் இன்னொரு கை? அகராதி 'கொ' எழுத்துக்கு வந்து சேரப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது, அந்தப் பத்தொன்பது வருஷமும் இந்த அட்டை இரண்டு சுவர் தள்ளி ஒரு தகரப் பெட்டியில் அவளுக்காகக் காத்திருந்திருக்கிறது. காலையிலிருந்து அவள் ஒருவனுக்கு மீன்குழம்பு ஊற்றி, எச்சில் கையோடு பேர் கேட்கவைத்து, குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தாள். உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. சேகரிப்பவருக்குச் சொன்னவர் என்ன முறை என்று எழுத வேண்டிய இடம். அதில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தாள்.

போனை எடுத்துக்கொண்டு பின்படிக்கட்டுக்குப் போனாள். அட்டை கையிலேயே இருந்தது. அம்மா நாலாவது மணியில் எடுத்தாள்.

"என்னட்டி, இந்நேரத்துல? ஆபீஸ் இல்லயா?"

"ஆபீஸ்லதாம்மா இருக்கேன்." அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மெய்ப்பு, வேன், மேடை, சால்வை என்று முன்னும் பின்னுமாகச் சொன்னாள். கடைசியில் வாக்கியத்தைச் சொன்னாள். அம்மாவின் குரலில் இல்லை, தன் குரலில், தாழ்த்தி.

அந்தப் பக்கம் ஆடு ஒன்று கத்தியது. அம்மா அதை அதட்டினாள்.

"நான்தாம்மா எழுதியிருக்கேன்" என்றாள் வடிவு. "எனக்கு நெனவே இல்ல. இப்பத்தான் பாத்தேன்."

"எனக்கு நெனவு இருக்கு" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "நான் அழுதுட்டு இருக்கேன், நீ பைக்குள்ள கைய விட்டு அட்டைய எடுத்த. தொடைல வச்சு எழுதுன. கண்ணத் தொடைக்கன்னு நெனச்சேன் மொதல்ல."

வடிவு படிக்கட்டில் உட்கார்ந்தாள். அம்மாவே பேசினாள். "கோடு போட்டு அடிக்கணும்னா அடி, விடணும்னா விடு. நான் எந்த மேடைக்கும் வரல."

"அடிச்சிருதேம்மா. இப்பமே அடிச்சிருதேன். எழுதுனவ நான்தான், திரும்ப எடுக்க எனக்கு உரிமை இருக்கு, ஒருத்தரும் கேக்க முடியாது." இதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பில் கேட்டும்விட்டாள். "அன்னைக்கு அதுக்கு மேல ஏதோ சொல்ல வந்தியேம்மா. அப்பா எதுக்கு அதுல ஏறுனாவ?"

அந்தப் பக்கம் அம்மா ஆட்டை இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டது.

"இசக்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள் அம்மா. "கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே சொல்லிட்டேன். யாராவது ஒரு புள்ளைக்குத் தெரியணும்லா."

"சரிம்மா, நான் அவகிட்ட கேட்டுக்கிடுதேன்."

"கேக்காத வடிவு" என்றாள் அம்மா. "ஒங்கிட்ட சொல்ல மாட்டா. கோயில்ல வச்சு சத்தியம் வாங்கியிருக்கேன்."